உள் டயரில் காற்றில்லை

ஜெய்னம்புவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சிவக்கும். மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவளுடைய வாப்பா சாப்பாட்டுக்கடை வைத்திருந்த காலத்திலேயே கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். சாப்பிட்டுவிட்டு இலையில் சிகரெட்டை நசுக்குகிறவன், தண்ணீர் ஊற்ற வந்த பெண்ணைப் பார்த்துப் பல்லிளிக்கிறவன் எல்லோரும் அந்தக் காதைப் பார்த்ததும் எழுந்து கையைக் கழுவப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட பெண்ணை யார் கட்டுவான் என்று உம்மா கவலைப்பட்டாள். ஷரபுதீன் கட்டினான். அவன் யாரோடும் சண்டை போடாதவன். அதுதான் பிறகு பெரிய தொல்லையாகப் போயிற்று.

ஷரபுதீனுக்குத் துணி வியாபாரம். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ப் புடவை, கைலி, பிள்ளைகளுக்குச் சட்டை விற்பான். மாதத்தில் முக்கால்வாசி நாள் வெளியில்தான். தம்பி நஜ்முதீன் வண்டி ஓட்டுவான். முதலில் ஒரு சின்ன வேன் வைத்திருந்தார்கள். எழுபத்து மூன்றில், ஒரு பஸ் கம்பெனி ஓட்டி ஓட்டித் தேய்த்துக் கழித்துப்போட்ட நீளமான பஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆசனங்களை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, முன்பாதியில் இரண்டு பக்கமும் துணி அடுக்கப் பலகை அடித்தார்கள். பின்பாதியில் என்ன செய்வது என்று அண்ணனும் தம்பியும் யோசித்துக்கொண்டிருந்தபோது ஜெய்னம்பு சொன்னாள்.

"அங்க ஒரு அடுப்பும் ஒரு கட்டிலும் போடுங்க. நானும் வாரேன்."

"பொம்பளைக்கு அது சரிப்படாது மதினி. தோட்டத்து ரோடு இடுப்ப ஒடைச்சிரும்" என்றான் நஜ்முதீன்.

"ஒடையிறது என் இடுப்புதான? நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அப்படித்தான் அந்த பஸ் வீடாயிற்று. கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, அம்மி, இடது பின்மூலையில் கயிறு போட்டுக் கட்டிய தண்ணீர் ட்ரம், குறுக்கே ஒரு பூப்போட்ட திரை. பீடோர் பக்கம், லூமுட் பக்கம், வடக்கே பாரிட் புந்தார் வரைக்கும் அவர்கள் போகாத தோட்டமில்லை. ஜனங்கள் அதை 'வீட்டு பஸ்' என்றார்கள். ஜெய்னம்பு ஏறிய பிறகு வியாபாரமும் ஏறியது. ஆண்கள் மட்டும் இருந்தபோது தோட்டத்துப் பெண்கள் படிக்கட்டில் நின்றே விலை கேட்டுவிட்டுப் போவார்கள். இப்போது உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, பத்துப் புடவையை உதறிப் பார்த்து இரண்டை எடுத்தார்கள். எவளுக்கு என்ன நிறம் எடுக்கும், எவள் கர்ப்பமாக இருக்கிறாள், எவள் மகள் வயதுக்கு வந்துவிட்டாள் என்பதெல்லாம் ஜெய்னம்புவுக்குத்தான் தெரியும். அதை அண்ணனும் தம்பியும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எழுபத்தேழாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் டயர் வெடித்தது.

பீடோரிலிருந்து ஈப்போவுக்குத் திரும்பி வரும் வழி. தாப்பாவைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால். உச்சி வெயிலில் தார்ரோடு பளபளத்துக் கிடந்தது. நஜ்முதீன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜெய்னம்பு ஒரு கைலிக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். ஷரபுதீன் பின்னால் நின்று, கலைந்த புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம். இடது பக்கத்துப் பின்மூலை அப்படியே தொபுக்கென்று உட்கார்ந்தது. பஸ் ஒரு இழுப்பு இழுத்து, செம்மண் ஓரத்தில் சறுக்கி, சாலையோரக் கால்வாயில் சாய்ந்து நின்றது.

தண்ணீர் ட்ரம் கட்டிய கயிற்றில் தொங்கியது. ஆனால் நஜ்முதீன் புதிதாகப் பிடித்த வியாபாரமான தையல் மெஷின்கள், கட்டிலுக்கு எதிரில் இடது பக்கச் சுவரை ஒட்டி இரும்புக் கால்களோடு அடுக்கி வைத்திருந்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக முன்பக்கம் சரிந்தன. அவற்றின் அடியில் ஷரபுதீனின் வலது கால் கிடந்தது.

அவன் கத்தவில்லை. "ஜெய்னம்பு" என்று ஒருமுறை கூப்பிட்டான், தண்ணீர் கேட்கிற மாதிரி. அவள் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடினாள்.

தாப்பாவில் கட்டுப்போட்டு, அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் நஜ்முதீன் கட்டில் ஓரத்தில் நின்று ஒரே கதையைச் சொன்னான்.

"தண்ணி ட்ரம்மு, அடுப்பு, கட்டிலு, அம்மிக்கல்லு. ஒரு வீட்டையே தூக்கி டயரு மேல வச்சா அது என்ன செய்யும்? நானும் ஆரம்பத்துலேருந்து சொல்லிக்கிட்டுத்தான் வாரேன். எங்க கேக்குறாங்க?"

வந்தவர்கள் ஜெய்னம்புவைப் பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள். அந்த மெஷின்கள்தானே என் மேல் விழுந்தன என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வந்தவர்கள் போன பிறகு ஷரபுதீன் மெல்லச் சொன்னான்.

"தம்பி சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு. கால் சரியாகுற வரைக்கும் அவன் தனியா ஓட்டட்டும். நீ ஈப்போவுலயே இரு. அப்புறமும் அப்படியே இருந்துக்கலாம்."

அவளுக்குக் காது மட்டுமல்ல, கழுத்து வரைக்கும் சூடேறியது. நான்கு வருஷம். பாம்பு வருகிற தோட்டத்து ஓரத்தில் கூட்டிப் பெருக்கி, மழையில் அடுப்பு மூட்டி, அண்ணனுக்கும் தம்பிக்கும் வேளாவேளைக்குச் சோறு போட்டு, முன்னால் உட்கார்ந்து வியாபாரமும் பார்த்தவளை, ஒரு டயர் வெடித்ததும் சுமை என்று இறக்கி வைக்கிறார்கள். ஆரஞ்சுத் தோலை எல்லாம் வாரிக் குப்பையில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே நடந்தாள். நேராக டயர்க்கடைக்குப் போனாள்.

கடை ஒரு சீன முதலாளியுடையது. எல்லோருக்கும் அவர் தவுக்கே. கால்வாயிலிருந்து தூக்கி இழுத்துவந்த பஸ் அதன் முற்றத்தில்தான் முட்டுக்கொடுத்து நின்றது. காற்றடிக்கிற வேலை மாயாண்டிக்கு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப்பால் லாரி ஓட்டியவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தவன். ஜெய்னம்பு கேட்பதற்கு முன்பே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏன் மொகத்த திருப்புறீங்க மாயாண்டி அண்ணே? என் புருஷன் கால் ஒடஞ்சி கெடக்குறாரு. அந்த டயருக்கு ஒவ்வொரு வாட்டியும் காத்து அடிச்சது நீங்கதான? என்ன செஞ்சீங்க?"

மாயாண்டி கடையின் பின்பக்கம் போய் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்து போட்டான். பின்பக்கம் ஒவ்வொரு புறத்திலும் ஜோடி டயர். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. வெளி டயர் வாழைப்பூப்போல விரிந்து கிழிந்திருந்தது. வெடித்தது அதுதான். உள் டயர் வெடிக்கவில்லை. ஆனால் அதன் பக்கச் சுவர் சுற்றிலும் அரைபட்டு, உள்ளேயிருந்து நூல் நூலாகத் தொங்கியது. மாயாண்டி அதைத் தட்டினான். கறுப்புத் தூள் கொட்டியது.

"இது அன்னைக்குச் செத்தது இல்ல தங்கச்சி. ரொம்ப நாளா காத்து இல்லாம ஓடியிருக்கு. ரெண்டு பேரு தூக்க வேண்டிய மூட்டய ஒருத்தனே தூக்கிக்கிட்டு வந்திருக்கான். வெயிலு வேற. அவனும் போய்ட்டான்."

"இது ஒங்களுக்குத் தெரியலயா?"

"ஒங்க கொழுந்தன் வண்டிய விட்டு எறங்கவே மாட்டாரு. எறங்குனா வெளி டயர ஒரு ஒதை ஒதைப்பாரு. டொம்முன்னு சத்தம் வந்தா போதும். உள் டயருக்குக் காத்துப் பாக்கணும்னா மண்ணுல படுத்துக் கைய விடணும். 'அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெளிய மட்டும் பாரு'ம்பாரு. இன்னொண்ணு, மத்தியான வெயில்ல ஓடி வந்து நிப்பாட்டி, 'வண்டி குதிக்குது, கொஞ்சம் எறக்கு'ம்பாரு. ஓடுன டயருல காத்து சூடேறி கூடத்தான் காட்டும். அத எறக்கி விட்டா, ஆறுனதும் கொறஞ்சி தொளதொளன்னு ஆயிரும்."

"தெரிஞ்சிக்கிட்டே எறக்கி விட்டீங்க."

மாயாண்டிக்கும் கோபம் வந்தது. "சொன்னேன்லா! ஒரு வாட்டி சொன்னேன். 'பம்ப் அடிக்கிறவன் பம்ப் அடி, எனக்குப் பாடம் நடத்தாத'ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன செய்ய? வண்டி என்னுதா?"

"வண்டி ஒங்களுது இல்ல. உள்ள இருந்தது மனுசங்க. இன்னொரு வாட்டி சொல்லியிருக்கலாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம். பத்தடி தள்ளித்தான உக்காந்திருந்தேன்!"

அவள் அந்தக் கறுப்புத் தூளை ஒரு கைப்பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ஷரபுதீன் முடிச்சைப் பார்த்தான், தூளைப் பார்த்தான், அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நடந்தது நடந்துபோச்சி. அதக் கிண்டி என்ன ஆகப்போவுது? அவன் என் கூடப்பொறந்தவன்."

"அப்ப நான் யாரு மச்சான்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிறவனைப்போலக் கிடந்தான். அவன் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தூளை அவன் வெள்ளைப் படுக்கைவிரிப்பின் மேலேயே கொட்டிவிட்டு வந்தாள். தாதி வந்து கத்தியது வராந்தாவில் கேட்டது.

அடுத்த வாரம் நஜ்முதீன் புது டயர்கள் போட்டு பஸ்ஸை ஓட்டத் தயார் செய்துவிட்டான். பாரிட் புந்தாருக்குப் புறப்படுகிறான் என்று யாரோ சொல்லி, ஜெய்னம்பு காலையில் டயர்க்கடைக்கு ஓடினாள். கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில் அவளுடைய வீடு கிடந்தது. அடுப்பு, அம்மி, சட்டிபானை, சுருட்டிய பாய், பூப்போட்ட திரை, குப்புறக் கவிழ்த்த ட்ரம். ஒரு நாய் பானையை நக்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். தையல் மெஷின்கள் அதே இடது பக்கம், அதே மாதிரி, இன்னும் இரண்டு கூடுதலாக நின்றன. நஜ்முதீன் எதிர்க் காப்பிக்கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

அவள் நாயை விரட்டினாள். பிறகு மாயாண்டியின் பெட்டியிலிருந்து வால்வு கழற்றுகிற சின்னச் சாவியை எடுத்தாள்.

"தங்கச்சி, வேணாம்லா" என்றான் மாயாண்டி. அவன் தடுக்கவில்லை.

முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வால்வைத் திருகிக் கழற்றினாள். உஸ்ஸென்று காற்று சீறி அவள் முக்காட்டைத் தூக்கியது. அடுத்த பக்கம் போனாள். பின்சக்கரத்துக்கு வந்ததும் மண்ணில் மல்லாந்து படுத்து, வெளிச் சக்கரத்தின் ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவினாள். அவளுடைய ஒல்லிக் கைக்கு உள் டயரின் வால்வு சுலபமாக எட்டியது. இதற்குத்தானே, இந்த ஒரு கையை நீட்டுவதற்குத்தானே இவனுக்கு இத்தனை நாள் உடம்பு வளையவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழாமல் அடுத்ததையும் திருகினாள். ஆறு டயரும் சீறின. கழற்றிய வால்வுகளையும் சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த நீளமான பஸ் முனகிக்கொண்டே கீழே கீழே போய் உட்கார்ந்தது.

நஜ்முதீன் கையில் ரொட்டியோடு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான்.

"பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?" நாலு வருஷமாக மதினி, வாங்க, போங்க என்று கூப்பிட்டவன் வாயில் அன்றைக்கு மரியாதை கழன்று விழுந்தது.

"ஒங்க அண்ணன் கால் ஒடஞ்ச அன்னைக்கு ஒரு டயருல காத்து இல்ல. இன்னைக்கு ஆறுலயும் இல்ல. இப்ப ஓட்டுங்க பாப்பம்!"

"பொம்பளன்னு பாக்குறேன்."

"பாக்க வேணாம். என் வீட்டத் தூக்கித் தெருவுல போட்டப்ப பாத்தீங்களா? உள் டயர ஒரு நாளு குனிஞ்சி பாத்தீங்களா? எதத்தான் பாத்தீங்க நீங்க?"

கூட்டம் கூடிவிட்டது. தவுக்கே வெளியே வந்து முற்றத்தை அடைத்துக்கொண்டு தரையில் படுத்திருக்கும் பஸ்ஸைப் பார்த்துத் தலையில் கையை வைத்தார். இங்கே படுத்துத் தூங்க இது என்ன வீடா, எனக்கு வேறு வண்டி வருகிறது என்று மலாயில் கத்தினார். ஜெய்னம்பு மலாயிலேயே பதில் சொன்னாள்: ஆமாம், இது வீடுதான்.

அவள் முடிந்துவைத்திருக்கும் சாவியை வாங்கிக்கொடு என்று அண்ணனிடம் கேட்க நஜ்முதீன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். பின்னாலேயே அவளும் போனாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்க்க, ஷரபுதீன் அவமானத்தில் கறுத்துப்போனான்.

"சாவியக் குடுத்துரு ஜெய்னம்பு. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். எதப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு ஒரு தடவ நிறுத்துப் பாத்துருவம். அன்னைக்கு என்னென்ன இருந்துச்சோ எல்லாத்தையும் அதே எடத்துல வச்சி, ட்ரம்முலயும் தண்ணி ரொப்பி, தராசுல ஏத்துவம். என் ட்ரம்முதான் டயர ஒடைச்சதுன்னு தெரிஞ்சா, இனி அந்த வண்டியில நான் கால் வைக்க மாட்டேன். ஒங்க தம்பி சொல்ற எடத்துல மூலையில கெடக்குறேன். இல்லாட்டி, அவரு எனக்கு முன்னாடி நின்னு சொல்லணும், தப்பு என்னுதுன்னு."

இதோடு அவள் வாய் அடங்கும் என்று நினைத்தோ என்னவோ, ஷரபுதீன் சரி என்று தலையாட்டினான். நஜ்முதீன் சிரித்தான். அவனுக்கு ட்ரம் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கல்குவாரியில் லாரி நிறுக்கிற தராசு இருந்தது. அங்கே வேலை பார்த்த அப்பாவுவின் மனைவி நல்லம்மாள், ஜெய்னம்புவிடம் புடவை எடுக்கிறவள். அந்த உரிமையில் அப்பாவு, கல் லாரிகள் கிளம்புவதற்கு முன்னால் காலையில் வரச் சொன்னார். டயர்களுக்கு மறுபடி காற்றடித்து, நஜ்முதீன் ஓட்டினான். மாயாண்டியும் கூட வந்தான். வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி படிந்த மேடையில் முதலில் முன்சக்கரங்களை ஏற்றினார்கள். அடுத்து பின்சக்கரங்களை. பிறகு மாயாண்டி கேட்டுக்கொண்டபடி, பின்பக்கத்தில் இடது ஜோடியை மட்டும் மேடையில் வைத்து, வலது ஜோடியை வெளியே நிறுத்தினார்கள். அடுத்து வலதை.

அப்பாவு எண்ணைச் சொன்னதும் மாயாண்டி சீட்டியடித்தான். வலது பக்கத்தைவிட இடது பக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

"ட்ரம்ம எறக்கிட்டு நிறுங்க" என்றாள் ஜெய்னம்பு.

ட்ரம்மை இறக்கினார்கள். மூன்று பிக்குலுக்கு மேல் குறைந்தது. ஒரு நல்ல ஆள் மூன்று பேர் கனம். ஜெய்னம்புவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர் இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது குளிக்க, சமைக்க இருந்த தண்ணீர், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா!" நஜ்முதீன் கையைத் தட்டினான். "அப்பவே சொன்னேன். மூணு ஆளு மதினி! மூணு ஆளத் தூக்கி ஒரு மூலையில வச்சிருக்கீங்க."

"மெஷின எறக்குங்க" என்றாள்.

மெஷின்களை இறக்கினார்கள். ட்ரம்மைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் குறைந்தது. நஜ்முதீன் கைதட்டுவதை நிறுத்தினான்.

எல்லோரும் மாயாண்டியைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல், டயரைப் பார்த்துச் சொன்னான். "ரெண்டையும் ஒரே பக்கம் வச்சது தப்பு. ட்ரம்மும் தப்பு, மெஷினும் தப்பு. ஆனா உள் டயருல காத்து இருந்திருந்தா ரெண்டையும் சேத்துத் தாங்கியிருக்கும். கஷ்டப்பட்டாவது வீட்டுக்குக் கொண்டாந்து சேத்திருக்கும். அவ்வளவுதான் நான் சொல்வேன்."

ஜெய்னம்பு எதிர்பார்த்து வந்தது இது இல்லை. அவளுக்கு நஜ்முதீன் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அதோடு தன் மேலும் கோபம் வந்து சேர்ந்துகொண்டது. ட்ரம்மைக் காலால் ஓங்கி உதைத்தாள். கால்தான் வலித்தது. அடைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று வெள்ளைத் தூசியில் ஓடிச் சேறாயிற்று. அது காலியாகும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

"என் தப்ப நான் ஒத்துக்கிறேன். இனிமே ட்ரம்மு கெடையாது. ரெண்டு சின்ன தகர டின்னு, ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. இப்ப நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்த சொல்ல?"

"உள் டயரப் பாக்கலன்னு."

நஜ்முதீன் கைலியைத் தூக்கிக் கட்டினான். அண்ணனுக்கு வண்டி ஓட்டி ஓட்டிக் கை காய்த்தவன் நான், நேற்று வந்தவளிடம் எனக்கு என்ன பேச்சு என்றான். பொம்பளை கை வைத்த வண்டியை இனித் தொடமாட்டேன் என்றான். இறக்கிய மெஷின்களை ஒரு கல் லாரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டான். தவறு என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. பஸ்ஸை மாயாண்டிதான் திருப்பி ஓட்டி வந்தான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன், பஸ் ஓடாமல் நின்று டயரெல்லாம் குளிர்ந்திருந்தபோது, மாயாண்டி காற்றுக் குழாயை இழுத்து வந்தான். அன்று அவன் அளந்து காட்டியதுதான் பிறகு எப்போதும் அவளுடைய முறை ஆயிற்று. சாமான்களை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து அடுக்கினார்கள். அப்படியும் ஒரு பக்கம் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். கனத்த பக்கத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அதையே அந்த அச்சில் இருக்கும் எல்லா டயருக்கும் வைக்க வேண்டும், டயருக்கு ஒரு அளவாக வைத்தால் வண்டி இழுக்கும் என்றான். முன்னால் இரண்டுக்கும் எழுபது பவுண்டு காற்று. பின்னால் நாலுக்கும் எண்பத்தைந்து. ஜெய்னம்பு மண்ணில் சாக்கை விரித்துப் படுத்து உள் டயர்களைத் தானே அளந்தாள். இடது உள் டயரின் வால்விலிருந்து மெல்லிய கசிவு இருந்தது. எச்சிலைத் தொட்டு வைத்ததும் குமிழி விட்டது.

"புது டயருதான?" என்றாள்.

"டயருதான் புதுசு. வால்வு பழசு தங்கச்சி."

"இதோட பாரிட் புந்தார் வரைக்கும் போயிருப்பாரு, பாவி."

ஷரபுதீன் கோலூன்றிக்கொண்டு வீடு திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. தம்பி பிரிந்து போய்விட்டான் என்ற துக்கத்தில் மனைவியோடு பேசாமல் இருந்தான். வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே என்று அவள் மாயாண்டியை டயர்க்கடையிலிருந்து கூட்டிவந்தாள். முதல் பயணத்தில், லூமுட் ரோட்டில், பஸ் குலுங்கியபோது ஷரபுதீன் வாயைத் திறந்தான்.

"கட்டையில உக்காந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் காத்த எறக்கச் சொல்லு."

"ஆஸ்பத்திரி மெத்த நல்லா இருந்துச்சோ?" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் காற்றைப் பற்றிப் பேசவில்லை. தினமும் காலையில் அவள் அளந்து முடித்து, சாக்கை உதறிச் சுருட்டிய பிறகுதான் மாயாண்டி ஏறி உட்காருவான். தோட்டத்து ஆட்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பஸ்ஸுக்குத் தினமும் நாடி பிடித்துப் பார்க்கிறாளாம் பாய் வீட்டம்மா என்று கேலி பேசினார்கள். அவள் படுத்த இடத்திலிருந்தே அவர்களுக்குப் பதில் கொடுப்பாள். கேலி பேசியவன் வீட்டுக்காரி மறுநாள் புடவை எடுக்க வரும்போது அதைச் சொல்லிக் கூனிக் குறுகுவாள்.

நஜ்முதீன் தைப்பிங்கில் மெஷின் கடை போட்டான் என்றார்கள். கல்யாண வீடு, மவுத்து வீடு என்று எங்காவது பார்த்துக்கொண்டால் அண்ணனோடு பேசுவான். ஜெய்னம்பு இருக்கிற பக்கம் வரமாட்டான். இவளும் போகமாட்டாள். ஷரபுதீன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒரு பக்கமும் சாயாமல் காலம் தள்ளினான். வண்டியைத் தவிர எல்லாவற்றையும் சமமாக நிறுத்திவிடுவான் மனுஷன் என்று அவள் மாயாண்டியிடம் பொருமுவாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் லூமுட் படகுத்துறைக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். அப்போதே தோட்டங்கள் பல கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்து, ஜனங்கள் பட்டணத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். வியாபாரம் தோட்டத்தை விட்டுச் சந்தைப் பக்கம் நகர்ந்திருந்தது. அன்று விடுமுறை. நல்ல கூட்டம். பங்கோர் தீவுக்குப் போகப் படகுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸில் ஏறித் துணி பார்த்தார்கள். ஒருவர் இவ்வளவு பெரிய வண்டியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். ஷரபுதீன் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினான்.

"அத ஏன் கேக்குறீங்க அண்ணே! ஒருவாட்டி டயரு வெடிச்சி என் காலே போச்சி. அப்பத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வண்டியக் கல்குவாரிக்குக் கொண்டுபோயி தராசுல ஏத்தி, எந்தப் பக்கம் எவ்வளவுன்னு நிறுத்துப் பாத்து..."

திரைக்குப் பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஜெய்னம்பு கத்தியோடு வெளியே வந்தாள். கூட்டம் விலகிற்று.

"யாரு நிறுத்துப் பாத்தது?"

ஷரபுதீன் அவள் காதைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில காலக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு, 'சாவியக் குடுத்துரு, ஊரே சிரிக்குது'ன்னு சொன்ன மனுசன் யாரு? இவங்க கிட்டச் சொல்லுங்க. ஆறு வருசமாச்சி. எங்கிட்டத்தான் சொல்லல, முன்ன பின்ன தெரியாதவங்க கிட்டயாவது உள்ளதச் சொல்லுங்க!"

படகுக்காரன் சீட்டியடித்துக் கூப்பிட்டான். ஒருவரும் அசையவில்லை. ஷரபுதீன் கோலை ஊன்றி எழுந்து நின்றான். அவன் முகத்தில் வேர்த்திருந்தது.

"நான் இல்ல அண்ணே" என்றான். "இவதான். எல்லாத்தையும் இவதான் பாத்தா. நான்... நான் வேணாம்னுதான் சொன்னேன். தம்பிமேல தப்புன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல."

கேள்வி கேட்டவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் மனைவி கையிலிருந்த புடவையை மடித்தாள், பிரித்தாள். மாயாண்டி ஓட்டுநர் இருக்கையில் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்த்தான்.

இதைக் கேட்டால் நெஞ்சு ஆறிப்போகும் என்று ஜெய்னம்பு இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். ஆறவில்லை. தெரிந்தே சொல்லவில்லை என்றானே, அது புதிதாகச் சுட்டது. அதை அப்புறம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

"அந்த நெறம் ஒங்களுக்கு எடுக்காது" என்றாள் புடவை வைத்திருந்த பெண்ணிடம். "கீழ் தட்டுல மயில் கழுத்து நெறத்துல ஒண்ணு இருக்கு. எடுத்துத் தாரேன் இருங்க, கைய கழுவிட்டு வாரேன்."